ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு பெயர்

சமயநல்லூர்
2-3-2025, நோன்பு 1

அன்பு மகன் நைனா முகம்மதுவுக்கு அத்தா கனி ராவுத்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். சில எழுத்துகள் பூசணிக்காய் போலவும் சில எள் போலவும் இருக்கும். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவன், சாயங்காலம் அசருக்குள் இந்தப் பக்கத்தை முடித்தால் பெரிய காரியம். ஆனால் இதில் ஒரு எழுத்துகூட இன்னொருவர் போட்டுக் கொடுத்தது இல்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நானும் உன் தங்கச்சி சபுராவும் அல்லாஹ் கிருபையால் நலம். மாப்பிள்ளை சவுதியில் நலமாக இருப்பதாகச் சொன்னாள்.

காது போன பிறகு எனக்குப் போனும் ஒன்றுதான், மரக்கட்டையும் ஒன்றுதான். நீ அரை மணி நேரம் பேசினாலும் சபுரா என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் சேதி. இரண்டு மாதமாக அந்தக் கட்டைவிரலும் இல்லை. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால், போன வருடமே அரசுப் பள்ளிக்கூடத்து முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. எழுபத்தொரு வயதில் பரீட்சை எழுதித் தேறிவிட்டேன். சான்றிதழைச் சபுரா சுவரில் மாட்டியிருக்கிறாள்.

தாமரைச்செல்வி டீச்சர் சொல்வது என் காதில் விழாது. பக்கத்தில் உட்காரும் சீனியம்மாள் கத்தினால் மட்டும் விழும். "ராவுத்தரே, மகனுக்குப் பொண்ணு பாக்குற வயசுல சிலேட்டைத் தூக்கிட்டு வாரீக, அதுலயும் என் சிலேட்டைப் பாத்து எழுதுறீக" என்று கத்துவாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்னிடம் சொல்ல வேண்டியதை அதில் எழுதுகிறார்கள். நாற்பது வருடம் மரக்கடையில் கட்டைகளின் மேல் பூசியிருந்த எழுத்தைத் தோளில் சுமந்தேன். அது என்ன எழுத்து என்று அன்றைக்குத் தெரியாது.

பெருநாளைக்கு வந்துவிடு. இந்த வருடம் மாப்பிள்ளை இல்லை. சஹனில் நீயும் நானும் மட்டும்தான். ஒரு தட்டு, இரண்டு கை. பதில் கடிதமாகவே எழுது. நானே படிக்க வேண்டும்.

துஆவுடன்,
அத்தா

*

புனே
14-3-2025

மரியாதைக்குரிய அத்தாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். கம்பெனியில் எல்லோரிடமும் காட்டினேன். நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம். அதனால்தான் போன் செய்ய முடியவில்லை. நோன்பு எல்லாம் இங்கே சரியாகப் போகிறது. பள்ளிவாசலில் கஞ்சி கிடைப்பதில்லை, பழமும் சமோசாவும் கொடுக்கிறார்கள்.

சர்க்கரை மாத்திரையைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மறக்காமல் போடுங்கள். முடியாவிட்டால் நோன்பை விட்டுவிடுங்கள்.

பெருநாளைக்கு வருகிறேன்.

தங்கள் அன்பு மகன்,
நைனா

*

புனே
14-3-2025

தங்கச்சி சபுராவுக்கு, கீழக்குயில்குடி முத்துக்குமரன் எழுதுவது. நலமா? நைனாவோடு ஒரே அறையில் இருப்பவன் நான். மூன்று வருடத்துக்கு முன்பு உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். ஞாபகம் இருக்கும்.

அத்தாவுக்கு இன்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். நைனா சொன்னான், நான் எழுதினேன். அவனால் எழுத முடியாது. ஜனவரி ஒன்பதாம் தேதி பிரஸ் மெஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இருபத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது புண் ஆறிவிட்டது. கம்பெனிக் கேட்டில் நிற்க வைத்திருக்கிறார்கள். இடது கையால் கம்பத்தை ஏற்றி இறக்குகிறான்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். உங்கள் பெயர் போனில் வந்தால் திரையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறான். அத்தாவின் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் சத்தியம் பெரிதாகத் தெரியவில்லை.

"ஊருக்குப் போய்ட்டு வா மாப்ள, அத்தாதானே" என்றேன்.

"சஹன்ல எந்தக் கைய வைக்கச் சொல்ற?"

"தனித் தட்டுல போட்டுத் தரச் சொல்லு."

"பெருநாளைக்கு எங்கத்தா எனக்குத் தனித் தட்டுல சோறு வைப்பாரா? வச்சா அவரு உசுரோட இருப்பாருன்னு நெனைக்கிறியா?"

உங்களில் ஒரே தட்டில் சாப்பிடும்போது இடது கையை வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

கடைசி வரியில் 'பெருநாளைக்கு வருகிறேன்' என்று எழுதச் சொன்னான். எழுதினேன். வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எப்படியாவது பேசிப் பாருங்கள். நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
முத்துக்குமரன்

*

சமயநல்லூர்
1-4-2025

அன்பு மகன் நைனாவுக்கு அத்தாவின் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லோரும் நலம்.

பெருநாள் நேற்று நல்லபடியாக முடிந்தது. பிறை பார்த்தாகிவிட்டது என்று பள்ளிவாசலில் அறிவித்தது எனக்கு எப்படிக் கேட்கும்? தெருப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீ வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டேன். கழுத்து கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. சட்டை பெரிதாகாது, நான்தான் சுருங்கிவிட்டேன்.

தொழுகை முடிந்து வரும் வழியில் சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மதுரையிலிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றின் பலகையையும் படித்தேன். ஒன்பது பஸ். எல்லாப் பலகையும் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

சபுரா சேமியா காய்ச்சினாள். பிரியாணி, தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி எல்லாம் செய்தாள். சஹனை வைக்கும்போது அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சிலேட்டில் எழுதினாள். வெங்காயம் அரிந்தது காலையில்.

நான் என் பாதியை மட்டும் சாப்பிட்டேன். உன் பக்கத்துச் சோறு கலையாமல் இருந்தது. அதை அப்படியே சீனியம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் பேரன் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான்.

நேற்று முழுவதும் யோசித்தேன். நீ 'பெருநாளைக்கு வருகிறேன்' என்றுதான் எழுதியிருந்தாய். எந்தப் பெருநாள் என்று எழுதவில்லை. நமக்கு இரண்டு பெருநாள் உண்டே. நீ ஹஜ்ஜுப் பெருநாளைச் சொல்லியிருப்பாய். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அவசரத்தில் நோன்புப் பெருநாள் என்று எடுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது.

பெருநாள் முடிந்து வைக்கும் ஆறு நோன்பை இன்று தொடங்கிவிட்டேன். ஒரு நிய்யத்தும் வைத்திருக்கிறேன். நீ வந்து என்னோடு சஹனில் உட்காரும் வரை பகலில் சோறு தொடுவதில்லை. இதைச் சபுராவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஆறு நோன்பு என்று மட்டும் தெரியும்.

துஆவுடன்,
அத்தா

*

புனே
12-4-2025

அன்புள்ள அத்தாவுக்கு நைனா. ஸலாம். நான் நலமாக இருக்கிறேன், நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. நான் ஹஜ்ஜுப் பெருநாளைத்தான் சொன்னேன். தெளிவாக எழுதாதது என் தப்பு.

நிய்யத்து எல்லாம் வேண்டாம் அத்தா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சாப்பிடுங்கள்.

தங்கள் மகன்,
நைனா

*

சமயநல்லூர்
3-5-2025

அண்ணனுக்கு சபுரா. அஸ்ஸலாமு அலைக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று முத்துக்குமரன் அண்ணனிடம் சண்டை போடாதே. நாற்பத்து மூன்று தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். அதனால்தான் நானும் அத்தாவைப் போலத் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அத்தாவிடம் உன் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. இப்போது நான் எழுதுவது அவரைப் பற்றி.

ஆறு நோன்பு முடிந்ததும் நிறுத்துவார் என்று இருந்தேன். ஏழாம் நாளும் விடியுமுன் சஹருக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, ஆறு முடிஞ்சிருச்சு" என்று காதில் கத்தினேன்.

"ஆமாத்தா. இன்னைக்குத் திங்கக்கெழம நோன்பு."

"நாளைக்கு?"

"நாளைக்கு வேற பேரு இருக்கும்."

அப்படித்தான் இருக்கிறது. திங்கள், வியாழன் என்றார். பிறை பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்றார். எல்லாம் தீர்ந்ததும் களா என்கிறார். மரம் சுமந்த காலத்தில் வெயில் தாங்காமல் விட்ட நோன்புகளாம். நாற்பது வருடத்து நோன்பு பாக்கி இருக்கிறது என்கிறார். ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். எந்தப் பெயரும் பொய் இல்லை.

கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மாத்திரை போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் மயங்கி விழுவார், இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள் என்று டாக்டர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அத்தா வாய்விட்டுப் படித்தார், டாக்டருக்கு நன்றி சொன்னார், வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இடுப்பில் கைலி நிற்பதில்லை. பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறார். கத்திரி வெயில் நாளைக்குத் தொடங்குகிறது, இவர் காலுறை போட்டுக்கொண்டு அலைகிறார். ஏன் என்றால் "காலுக்கு இதமா இருக்குத்தா" என்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். எப்போது பார்த்தாலும் எதையாவது படித்துக்கொண்டிருக்கிறார். சோப்பு உறை, மருந்து டப்பா, பஸ் டிக்கெட்.

எதற்கு இந்த நோன்பு என்று சீனியம்மாள் கேட்டபோது அவளிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவள் வந்து என்னிடம் சொன்னாள்: "மகன் வந்து ஒரு தட்டுல கை வைக்கிற வரைக்குமாம். பய வரலேன்னா இந்த மனுசன் கூடாகிப் போவாரு சபுரா."

நீ வா. கையோடு வா, கை இல்லாமல் வா. போனையாவது எடு.

சபுரா

*

சமயநல்லூர்
19-5-2025

அன்பு மகன் நைனாவுக்கு அத்தாவின் ஸலாம். சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம். மாம்பழம் நிறைய வருகிறது. இஃப்தாருக்குச் சபுரா ஒரே ஒரு துண்டுதான் தருகிறாள்.

நேற்று உன் நண்பன் முத்துக்குமரன் வந்திருந்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லீவு போட்டு வந்தவன், இந்த மாதக் கடைசி வரை கீழக்குயில்குடியில்தான் இருப்பானாம். காளவாசலில் இறங்கி, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, எனக்காக ஒரு கிலோ கருப்பட்டி வாங்கி வந்திருந்தான். சர்க்கரைக்காரனுக்குக் கருப்பட்டி. சபுரா அவனைப் பார்த்த பார்வையில் கருப்பட்டியே உருகியிருக்கும்.

"மாமா, என் மாப்ள எப்படி இருக்கான்னு கேளுங்க" என்று உதட்டை அசைத்துக் காட்டினான். சிலேட்டைக் கொடுத்தேன். 'நைனா நல்லா இருக்கான் மாமா. வேலை அதிகம்' என்று எழுதினான்.

அழகான கையெழுத்து. ஒரு விஷயம் கவனித்தேன். 'நை' எழுதும்போது கொம்பை மேலே கொண்டுபோய் ஒரு சுழி சுழித்து, பூட்டு மாதிரி மாட்டி இறக்குகிறான். அப்படி எழுதுபவர்களை நான் பார்த்ததில்லை. டீச்சர் எழுதுவது இல்லை. வகுப்பில் என்னோடு படிக்கும் சீனியம்மாளும் தங்கப்பொண்ணும் எழுதுவது இல்லை. நான் ஒவ்வொரு எழுத்தையும் பத்து நாள், இருபது நாள் போராடிப் பிடித்தவன். மற்றவர்களுக்கு எழுத்து என்றால் சேதி. எனக்கு அதன் மூக்கும் முழியும் தெரியும்.

உன் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை நல்ல பசியில் வந்திருந்தான். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

நைனா, அடுத்த கடிதத்தில் உன் கையால் ஒரு வரி எழுது. ஒரே வரி போதும். கோழி கிண்டிய மாதிரி இருந்தாலும் சரி. என்னுடையதைவிட மோசமாக இருக்காது.

இன்னொன்று. இதைச் சபுராவிடம் சொல்லாதே. ஒன்றரை மாதமாக என் வலது கால் சுண்டுவிரல் கொஞ்சம் கறுத்திருக்கிறது. எதில் இடித்தேன் என்று ஞாபகம் இல்லை. போன வாரம் பக்கத்து விரலும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. நல்ல செய்தி என்னவென்றால் நோவு துளிகூட இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. லேசாக ஒரு வாடை இருந்தது, காலுறையில் அத்தர் தடவிக்கொள்கிறேன். அவள் பார்த்தால் ஆஸ்பத்திரி என்பாள். அங்கே படுக்கப் போட்டுவிட்டால் பெருநாளைக்கு உன்னை யார் வரவேற்பது?

துஆவுடன்,
அத்தா

*

புனே
28-5-2025

அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இது என் எழுத்து. இடது கையால் எழுதுகிறேன்.

வலது கை இல்லை. ஜனவரியில் மெஷினில் போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. மற்ற கடிதங்கள் முத்துக்குமரன் எழுதியவை. அவன் ஊரில் இருக்கிறான். எழுதித் தர ஆள் இல்லை. இருந்தாலும் இதை நானேதான் எழுதியிருப்பேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் சபுராவுக்குப் போன் செய்தேன். உங்கள் காலுறையைக் கழற்றச் சொன்னேன். கோபப்பட வேண்டாம்.

நோவு இல்லாதது நல்ல செய்தி இல்லை அத்தா. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கும் நோவு இல்லை. விரலில்தான் ஆரம்பித்ததாம். நான் சேர்ந்தபோது அவருக்கு முழங்கால் இருந்தது.

நோன்பை விடுங்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேட்டுக்கு மாற்று ஆள் நான்காம் தேதிதான் வருகிறான். அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். ஆறாம் தேதி வந்துவிடுவேன். இந்தத் தடவை எந்தப் பெருநாள் என்று குழப்பம் இல்லை.

இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நைனா

*

சமயநல்லூர்
2-6-2025, பிறை 5

என் அன்பு மகன் நைனாவுக்கு அத்தா. அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஆரோக்கியத்துக்கு ஐந்து நேரமும் துஆ செய்கிறேன்.

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. தபால்காரரை உட்கார வைத்து, மோர் கொடுத்து, அவர் எதிரிலேயே படித்தேன். முழுதும் நானே படித்தேன். இரண்டாவது வரியை மட்டும் விரல் வைத்துப் படித்தேன். அப்புறம் அந்த வரி மேலிருந்து விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தபால்காரர் என்ன ஏது என்று கேட்டிருப்பார். எனக்குக் கேட்கவில்லை.

உன் 'அ' நன்றாக வந்திருக்கிறது. 'ற' இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். எனக்கும் 'ற' ஒரு மாதம் பிடித்தது.

போன வாரம் சபுரா காலுறையைக் கழற்றியதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கிளினிக்கில் கட்டுப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். உன் கையால் ஒரு வரி வரட்டும், அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். வரி வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாமல் இன்று பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவில் மதுரைக்குப் போய்வந்தேன்.

போகும் வழியில் பள்ளிவாசலில் இறங்கி ஹஜ்ரத்திடம் இரண்டு கேள்வி கேட்டேன். வலது கை இல்லாதவன் சஹனில் இடது கையை வைக்கலாமா என்பது ஒன்று. அவர் சிலேட்டை வாங்கி 'அவனுக்கு இடதுதான் வலது' என்று எழுதினார். அதை அழிக்க மனம் வராமல் மறுபக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். உடம்பு முடியாதவன் வைத்த நிய்யத்து என்னாகும் என்பது மற்றது. அதற்கு அவர் நிறைய எழுதினார். கோபமாக எழுதினார், பல்பம் ஒடிந்தது. சுருக்கம் என்னவென்றால், உடம்பைக் கெடுத்துக்கொண்டு பிடிப்பதற்குப் பெயர் நோன்பே இல்லையாம். அங்கேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். ஆகவே நோன்பை விட்டுவிட்டேன், நீ நிம்மதியாக இரு. சாப்பாடுதான் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு மாதப் பழக்கம் ஒரே நாளில் போகுமா?

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. காலைப் பார்த்துவிட்டுச் சபுராவிடம் நெடுநேரம் பேசினார். என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் சிலேட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

'இன்றே.'

நான் படித்தேன். மூன்று எழுத்துத்தான். முன்பு மாதிரி இருந்திருந்தால் அவள் கட்டைவிரலைக் காட்டியிருப்பாள், நானும் நம்பியிருப்பேன். சட்டைக் கையால் துடைத்துவிட்டு, ஏழாம் தேதிக்கு அப்புறம் என்று சொன்னேன். டாக்டரம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சபுரா மறுபடியும் 'இன்றே' என்று எழுதினாள், பெரியதாக. மறுபடியும் துடைத்தேன். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், என் பொறுப்பில் போகிறேன் என்று. கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார் அங்கிருந்தவர். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

சபுரா உனக்குப் போன் செய்து அழுதிருப்பாள். நீயும் என்மேல் கோபப்படுவாய். நான் சொல்வதைக் கேள். நீ ஐந்து மாதம் என்னிடம் மறைத்தாய். நான் டாக்டரிடம் ஐந்து நாள்தான் கேட்டேன். பெருநாள் தொழுகைக்கு உன்னோடு நடந்து போக வேண்டும். இரண்டு காலில் நின்று தொழ வேண்டும். மறுநாள் அவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

சஹனில் நீ என் இடது பக்கம் உட்கார். அப்போதுதான் இரண்டு கையும் முட்டிக்கொள்ளாது. இதை யோசித்து, சபுராவின் சாப்பாட்டுத் தட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தே பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதம் வரும்போது நீ ரயிலில் இருப்பாய். முத்துக்குமரன் வாங்கி வைக்கட்டும். திரும்பிப் போனதும் படி.

எனக்கு ஒன்றும் இல்லை. கட்டுக்கு மேலே கொஞ்சம் நிறம் ஏறியிருக்கிறது, நிழல் விழுந்த மாதிரி. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனி வரப்போகிற நேரத்தில் போர்வை கேட்கிறது. எழுதுகிற எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அதிலும் ஒரு லாபம்: ஒரு பக்கம் எழுதினால் இரண்டு பக்கம் எழுதிய சந்தோஷம். இன்னும் எழுத ஆசைதான், சபுரா பேனாவைப் பிடுங்குகிறாள். நீ இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அடுத்த வாரம் உன் புனே விலாசத்துக்கு மறுபடியும் எழுதுவேன்.

துஆவுடன்,
அத்தா, மு. கனி ராவுத்தர்